உருளைக்கிழங்கில் வெட்டிய கொம்பு

எழுபதுகளில் சிட்னியில் வந்து இறங்கிய கூட்டாளிகளே, நாங்கள் சந்திக்கும்போதெல்லாம் மிளகாய்த்தூளுக்கு அலைந்த கதையையும், முதல் குளிரில் விறைத்த கதையையும், யார் வீட்டு வாசலில் முதலில் கார் நின்றது என்ற வழக்கையும் கதைத்துக் கதைத்துத் தேய்த்துவிட்டோம். இன்றைக்கு நான் ஓர் உருளைக்கிழங்கைப் பற்றி எழுதப்போகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. செவன் ஹில்ஸில், தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த தெருவில் வாடகை வீடு. பைப்ரோ என்ற மெல்லிய சீமெந்துத் தகட்டுச் சுவர்; விரலால் தட்டினால் வெறும் பெட்டியைத் தட்டியது போலச் சத்தம் வரும். ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்த அப்பா, இங்கே மின்விசிறி செய்யும் தொழிற்சாலையில் திருகாணி முடுக்கினார். அம்மா இரண்டு தெரு தள்ளி பிஸ்கட் பொதி செய்தார். அப்பாவுக்குக் காலை வேலை, அம்மாவுக்கு மத்தியானத்துக்குப் பிறகு வேலை. நான் மூன்றேகாலுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால், ஐந்தரைக்கு அப்பா வரும்வரை வீட்டில் ஒருவரும் இல்லை. வீட்டுத் திறப்பு என் கழுத்தில் ஒரு சப்பாத்து நூலில் தொங்கும்.

அம்மா ஒவ்வொரு நாளும் அதே பாடத்தைச் சொல்லிவிட்டுத்தான் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார்.

"உள்ளுக்குப் போனவுடனை கதவைப் பூட்டு. ஆர் தட்டினாலும் திறக்காதை. அடுப்பைத் தொடாதை. தனிய இருக்கிறன் எண்டு ஒருத்தருக்கும் மூச்சு விடப்படாது. வெல்பேர்க்காரர் அறிஞ்சால் உன்னைக் கொண்டு போயிடுவினம். பிறகு நீ ஆரோ, நாங்கள் ஆரோ."

இதை அம்மாவுக்குத் தொழிற்சாலையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். தனியே விட்ட பிள்ளைகளை அரசாங்கம் வந்து எடுத்துக்கொண்டு போகும் என்று அம்மா முழுதாக நம்பினார். நானும் நம்பினேன். தெருவில் வெள்ளைக் கார் ஒன்று மெதுவாகப் போனாலே கட்டிலுக்குக் கீழே போய்விடுவேன்.

அந்த இரண்டேகால் மணி நேரம் எவ்வளவு நீளம் என்பதை எப்படிச் சொல்லுவேன்? குளிர்சாதனப் பெட்டி உறுமும், பிறகு நிற்கும். அது நின்றால் எனக்குப் பயம், உறுமினால் ஆறுதல். குசினியில் இருந்து சாப்பிட மூன்று கதிரைகள் இருந்தன. ஒன்றை அம்மா என்றும், ஒன்றை அப்பா என்றும், மூன்றாவதை மாமா என்றும் வைத்துக்கொண்டு கதைப்பேன். மாமா என்றால் அம்மாவின் ஒரே அண்ணை. தாய் தகப்பன் இல்லாமல் அம்மாவை வளர்த்தவர். கிழமைக்கு ஒரு நீல வான்கடிதம் ஊரிலிருந்து எழுதுவார். அதன் மடிப்பில் கடைசி வரி எப்போதும் எனக்கு: ‘மருமகள், அங்கே காகம் இருக்கிறதா?’ இப்படி ஏதாவது கேட்டிருப்பார். மூன்றாவது கதிரைக்கு நான் பதில் சொல்லுவேன். எனக்கு வேறு சிநேகிதர் இல்லை.

மக்பை என்ற கறுப்பு வெள்ளைப் பறவைகள் தலையில் கொத்தத் திரியும் வசந்த காலம் அது. ஒரு பின்னேரம் பக்கத்து வளவிலிருந்து தப், தப் என்று ஒரு சத்தம். வீட்டின் பின்பக்கம், இரண்டு வளவுக்கும் நடுவேலியில் ஒரு பலகை ஆணி கழன்று ஆடிக்கொண்டிருந்தது. அதைத் தள்ளிக் கண்ணை வைத்தேன். துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே ஒரு பெண் சீமெந்துத் தரையில் குந்தியிருந்து, விரித்த வெள்ளைத் துணியில் எதையோ தோய்த்துத் தோய்த்துக் குத்திக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்:

"கண் மட்டும் வந்தால் போதுமோ? மிச்ச உடம்பையும் கொண்டு வா."

அவர் பேசியது ஆங்கிலம். ஆனால் இத்தனை வருடம் கழித்து என் காதில் அது எங்கள் தமிழாகத்தான் கேட்கிறது, அப்படியே எழுதுகிறேன். அவரை நான் அன்ரி என்று கூப்பிட்டேன். அம்மா அவரைக் குறிப்பிட்ட சொல்லை இங்கே எழுதமாட்டேன். உங்கள் வீடுகளிலும் அந்தச் சொல் புழங்கியதுதான், முகத்தைத் திருப்ப வேண்டாம்.

அன்ரி கானா நாட்டவர், அங்கே அக்கான் என்ற இனத்தவர். புருஷன் கோதுமைப் பயிரில் ஆராய்ச்சி செய்ய ஆஸ்திரேலியாவின் உட்பகுதிக்குப் போனவர், மாதத்துக்கு ஒருமுறை வருவார். அன்ரி விடியற்காலையில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குப் போய் இரண்டு மணிக்குத் திரும்பிவிடுவார். பிறகு அவருக்கும் ஒருவரும் இல்லை. வானொலியில் செய்தி வாசிப்பவனுக்குத் திருப்பிப் பதில் சொல்லுவார். எனக்குக் கதிரை, அவருக்கு வானொலி. அவரை ஒரு கருணைக்கடல் என்று நினைத்துவிடாதீர்கள். பொறுமை என்பது மருந்துக்கும் இல்லை. லூடோ விளையாடினால் களவு செய்வார், பிடித்தால் சண்டைக்கு வருவார். நான் துணியில் கோணலாகக் குத்தினால் கையில் ஒரு தட்டுத் தட்டுவார். ஆனால் ஐந்தேகால் ஆனதும், "ஓடு, உன்ர கொப்பர் வரப்போறார்" என்று வேலிப் பலகையை எனக்காகத் தூக்கிப் பிடிப்பார். நான் தனியே இருப்பது அவருக்குத் தெரியும், ஒருவருக்கும் சொல்லவில்லை.

அவர் குத்திக்கொண்டிருந்தது ஆஸ்பத்திரியில் கழித்துவிட்ட பழைய படுக்கை விரிப்பில். புருஷன் பட்டம் வாங்கும் நாளில் போர்த்திக்கொள்ளத் துணி தயாராகிக்கொண்டிருந்தது. அவர்கள் ஊரில் சுரைக்குடுவையின் ஓட்டில் அச்சு வெட்டி, மரப்பட்டை அவித்த மையில் தோய்த்துக் குத்துவார்களாம். செவன் ஹில்ஸில் சுரைக்குடுவைக்கு எங்கே போவது? அன்ரி உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி அதில் அச்சுச் செதுக்கினார். மைக்குக் கறுப்புச் சப்பாத்துப் பொலிஷை மண்ணெண்ணெயில் கரைத்தார். அந்த மணம் இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சவர்க்காரம், மண்ணெண்ணெய், பச்சை உருளைக்கிழங்கு மூன்றும் சேர்ந்த மணம். என் குழந்தைப் பருவத்துக்கு ஒரு மணம் உண்டென்றால் அதுதான்.

அச்சில் நான்கு சுருள்கள். இரண்டு மேலே, இரண்டு கீழே, நடுவில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு. அதற்கு ஒரு பெயர் சொன்னார். என் வாயில் அது ஜுவெனிமென் என்று விழுந்தது.

"அப்பிடியெண்டால் என்ன, அன்ரி?"

"ஆட்டுக்கடாவின்ர கொம்பு. மேலையிருந்து பார்த்தால் இப்பிடித்தான் தெரியும். பலம் எண்டு அர்த்தம்."

"ஏன் வெள்ளைத் துணியிலை குத்துறியள்?"

"வெள்ளை சந்தோசத்துக்கு. பிள்ளை பிறந்தால் வெள்ளை, வழக்கிலை வெண்டால் வெள்ளை." பிறகு உள்ளே கூட்டிக்கொண்டு போய், பெட்டியின் அடியிலிருந்து இன்னொரு துணியை எடுத்துக் காட்டினார். காய்ந்த இரத்தம் போன்ற சிவப்பு. அதிலும் கறுப்பில் அதே கொம்புகள், வரிசை வரிசையாக. "இது செத்த வீட்டுக்கு. இதை இஞ்ச உடுக்க வேண்டி வரக்குடாது" என்று சொல்லி, அதைத் தொட்ட கையைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

இந்த இரண்டு நிறத்தின் அர்த்தத்தையும் அந்தத் தெருவில் அறிந்திருந்தது இரண்டே பேர், அன்ரியும் நானும். இதை நீங்கள் மறக்காமல் வைத்திருக்க வேண்டும்.

விரிப்பில் பாதி முடியமுன்னம் கிழங்கு இளகிவிட்டது. "இதை எறி" என்று தந்துவிட்டுப் புதிதாக ஒன்றை வெட்டினார். நான் எறியவில்லை. விரிப்பின் ஓரத்தில் கிழித்த ஒரு துண்டில் அதைச் சுற்றி, என் தலைமயிர் கட்டும் சிவப்பு ரிபனால் கட்டி, ஒரு பிஸ்கட் ரின்னில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பலம் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய தைரியமாக இருந்தது.

பள்ளிக்கூடத்தில் ஒருத்தி இருந்தாள். நான் கிட்டப் போனால் மூக்கைப் பிடிப்பாள். என் தலையில் அம்மா வைக்கும் தேங்காயெண்ணெய் அவளுக்கு ஆகாது. ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் என் பின்னலைப் பிடித்து மோந்துவிட்டு ஓங்காளித்துக் காட்டினாள், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்தக் கொம்புதான் ஞாபகம் வந்தது. தலையைக் குனிந்துகொண்டு ஓடிப்போய் அவள் வயிற்றில் ஒரே முட்டு. அவள் குழாயடிச் சேற்றில் போய்க் குந்திவிட்டாள். ரீச்சர் என்னை வெயிலில் அரை மணி நேரம் நிறுத்தினார். நான் வெயிலில் ராசாத்தி போல நின்றேன்.

அன்று பின்னேரம் வேலிக்குள்ளால் புகுந்து ஓடிப்போய்ச் சொன்னேன். அன்ரி குசினியில் உருண்டையான மாப்பலகாரம் பொரித்துக்கொண்டிருந்தார், எங்கள் பணியாரத்துக்கு அண்ணன் தம்பி மாதிரியான ஒன்று. கேட்டுவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு அகப்பையை நீட்டிக்கொண்டு சொன்னார்:

"மொக்குப் பெட்டை, நீ பாதிதான் கேட்டனி. அந்தக் கொம்புக்கு இன்னும் ஒரு பாதி இருக்கு."

"என்ன பாதி?"

"எண்ணெய் கொதிக்குது, தள்ளி நில். நாளைக்குச் சொல்லுறன்."

மறுநாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது எங்கள் முன்கதவு திறந்து கிடந்தது. அப்பா அந்த நேரத்தில் வீட்டில் நின்றார். அம்மா குசினியில் நிலத்தில் இருந்தார். மேசையில் தந்தி. மாமா போய்விட்டார். நெஞ்சுவலி என்று மட்டும் இருந்தது.

அம்மா அழவில்லை. அழுவதென்றால் எங்கள் ஊரில் ஒருத்தியின் தோளை இன்னொருத்தி பிடிக்க வேண்டும், வாசலில் ஒரு தலை தெரியும்போதெல்லாம் புதிதாகக் குரல் எழ வேண்டும். இங்கே வாசலில் ஒரு தலையும் தெரியவில்லை. அப்போது எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் இரண்டுதான், இரண்டும் ரயிலில் ஒன்றரை மணி நேரம் தள்ளி இருந்தன. செத்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, அக்கம்பக்கத்தார்தான் சாப்பாடு கொண்டு வருவார்கள். அம்மா அடுப்பை மூட்டவில்லை. ஒருவரும் கொண்டு வரவில்லை. அப்பா கடையில் பாண் வாங்கி வந்தார், நாங்கள் வெறும் பாணைப் பிய்த்துத் தின்றோம். அடுத்த நாள் அப்பா வேலைக்குப் போய்விட்டார். போகாவிட்டால் வேலை போய்விடும் என்று பயம். அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விடவில்லை. தனக்கு ஒரு ஆள் வேண்டும் என்று நினைத்திருப்பார்.

இரண்டு மணிபோல அம்மா தலை முழுகி, பெட்டியின் அடியில் கிடந்த வெள்ளைச் சேலையை உடுத்து, முன் படியில் வந்து இருந்தார். ஊரில் அந்த நேரம் மாமாவைச் சுடலைக்கு எடுத்திருப்பார்கள் என்று கணக்குப் பார்த்திருக்க வேண்டும். தலைமயிரை முடியாமல் விட்டிருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

அப்போதுதான் அன்ரி வேலையால் வந்தார். எங்கள் படியில் வெள்ளைச் சேலையைக் கண்டார். முகம் மலர்ந்து கையைத் தட்டினார். வீட்டுக்குள் ஓடிப்போய் ஒரு கோப்பையில் அந்த உருண்டைப் பலகாரங்களை அள்ளிக்கொண்டு, ஏதோ பாட்டைப் பாடிக்கொண்டு, இடுப்பை ஆட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொன்னால், இவளை உனக்கு எப்படித் தெரியும் என்று அம்மா கேட்பார். பிறகு வேலிப் பலகை, பிறகு ஒவ்வொரு பின்னேரமும், பிறகு வெள்ளைக் கார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"என்ன சந்தோசம்? என்ன நல்ல செய்தி? பிள்ளையோ?" என்று கேட்டு அன்ரி குனிந்து அம்மாவின் வயிற்றில் கை வைத்தார்.

அம்மா எழும்பி நின்றார். தொழிற்சாலையில் பழகிய ஆங்கிலத்தில் இரண்டு சொல் சொன்னார்: "பிரதர். டெட்."

அன்ரி கோப்பையைப் படியில் வைத்துவிட்டு இரண்டு கையையும் தலையில் வைத்தார். அப்படியே பின்னுக்குப் பின்னுக்கு நடந்து போனார். அம்மா கதவைச் சாத்தினார். பலகாரம் முழுவதையும் குப்பைவாளியில் கொட்டினார். எனக்கு நல்ல பசி. அதன் ருசி எனக்குத் தெரியும் என்பதுகூட அம்மாவுக்குத் தெரியாது.

சனிக்கிழமை அம்மா செத்த வீட்டுத் துடக்குத் தீட்டைக் கழிக்க வீட்டைக் கழுவினார். என் கட்டிலை இழுத்தார், அந்த பிஸ்கட் ரின் வந்தது. மாமா போன அமளியில் நான் அதை மறந்தே போயிருந்தேன். திறந்தபோது ஒரு நாற்றம். கிழங்கு சுருங்கிக் கறுத்து, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு முளை விட்டிருந்தது. நடுவில் கொம்புகள். சுற்றியிருந்த துணியில் கறுப்பு மை. கட்டியிருந்தது என் ரிபன்.

ஊரில் செய்வினை எடுத்ததைக் கண்டவர்கள் உங்களில் இருப்பீர்கள். பூசணிக்காயில், முட்டையில், எலுமிச்சம்பழத்தில் உருவம் கீறி, யாருக்கு வைக்கிறார்களோ அவர்களின் துணியோ மயிரோ சேர்த்துக் கட்டி, அவர்கள் படுக்கிற இடத்தில் புதைப்பது. அம்மா அப்படியே பின்னால் சரிந்து சுவரில் சாய்ந்துவிட்டார். பிறகு எழும்பி யன்னலடிக்குப் போனார். வேலிக்கு அப்பால் அன்ரியின் வெள்ளை விரிப்பு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது, அது முழுக்க அதே கொம்புகள்.

"அவள் உள்ளுக்கு வந்தவளோ? நீ கதவு திறந்தனியோ?"

"இல்லை அம்மா."

நான் பொய் சொல்லவில்லை. அன்ரி எங்கள் வீட்டுக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

அப்பா, "விசர்க்கதை கதையாதை, அது பிள்ளையின்ர விளையாட்டுச் சாமானாயிருக்கும்" என்றார். என்னைப் பார்த்தார். "என்னடி, உன்ரையோ?"

அதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்திருக்காது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பா என்னைக் கூப்பிட்டது போல இருந்தது. நான் தலையை இல்லை என்று ஆட்டினேன்.

அப்பா வளவைச் சுற்றிப் பார்த்தார், கழன்ற வேலிப் பலகையைக் கண்டார், ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போனார். தப், தப் என்று அவர் அடித்த சத்தம் என் நெஞ்சுக்குள் கேட்டது. அம்மா என்னைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டு என் தலையைத் தடவினார்.

"உனக்கு வைச்சதடி இது. உன்ர ரிபன். உன்னிலை விழ வேண்டியது, என்ர அண்ணையிலை போய் விழுந்திட்டுது."

மாமா எனக்குப் பதிலாகச் செத்தார் என்று அம்மா நம்பினார். அதற்குப் பிறகு அம்மா என்னைக் கட்டிப்பிடிக்கும்போதெல்லாம் அதில் வேறு ஏதோவும் இருந்தது. சில நேரம் சோற்றைப் போட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வையில் நான் வளர்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கதவில் தட்டுச் சத்தம். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். அம்மா திறந்தார். அன்ரி நின்றார். உடம்பைச் சுற்றி அந்தக் காய்ந்த இரத்தச் சிவப்புத் துணி. தலையில் கறுப்புத் துணி. கால்களில் செருப்பில்லை. உடுக்க வேண்டி வரக்கூடாது என்று சொன்ன துணியை, தான் ஒருமுறைகூடக் கண்டிராத ஒரு மனிதருக்காக உடுத்து வந்திருந்தார்.

அம்மா கண்டது துணியை அல்ல. தோளில், மார்பில், இடுப்பில், வரிசை வரிசையாக அந்தக் கொம்புகளைத்தான். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார். உள்ளே போய்ச் சாமிப் படத்துக்கு முன்னால் இருந்துவிட்டார்.

நான் யன்னலின் கண்ணாடித் தட்டுகளுக்கு நடுவால் பார்த்தேன். அன்ரி போகவில்லை. சாத்திய கதவுக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வேலியில் வந்த கண்ணை அதட்டுகிற, லூடோவில் தோற்க மாட்டாத அன்ரி, எங்கள் பைப்ரோ வீட்டுக் கதவுக்குத் தலை குனிந்துகொண்டு நின்றார். பிறகு எங்கள் படியில் இருந்தார். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் இருப்பது போல, காலை நீட்டாமல், கதைக்காமல் இருந்தார். வெயில் ஏறிவிட்டது. எழும்பி, ஒருவருக்கும் சொல்லாமல் போனார். எங்கள் ஊரிலும் செத்த வீட்டிலிருந்து போகும்போது ‘போயிட்டு வாறன்’ என்று சொல்வதில்லை.

டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு முதல், ஒரு லொறி வந்தது. புருஷனுக்கு அந்த உட்பகுதியிலேயே வீடு கிடைத்துவிட்டதாம். அன்ரி லொறியில் ஏறும்போது எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். அம்மா பக்கத்தில் நின்றபடியால் நான் கை காட்டவில்லை. அதற்குப் பிறகு மூன்றேகாலிலிருந்து ஐந்தரை வரைக்கும் மறுபடியும் கதிரைகள்தான். மாமாவின் கதிரையோடு கதைக்க எனக்கு வாய் வரவில்லை.

இவ்வளவும்தான் என் கதை என்று நான் ஐம்பது வருடமாக நினைத்திருந்தேன். ஒருவருக்கும் சொன்னதில்லை. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். போன வருடம் அம்மா இருக்கும் முதியோர் இல்லத்திலிருந்து ஒரு தொலைபேசி வந்தது. உங்கள் தாயார் ஒரு தாதியைக் கிட்டவே விடுகிறார் இல்லை, அவர் கையால் தண்ணீரும் குடிக்கிறார் இல்லை, வந்து பேசுங்கள் என்றார்கள்.

போனேன். அம்மாவுக்கு எண்பத்தெட்டு வயது, உடம்புதான் தளர்ந்துவிட்டது, புத்தி கத்தி.

"அவளை மாத்தச் சொல்லு. அவளின்ர காதிலை அந்தக் கொம்பு தொங்குது. உனக்கு வைச்ச கொம்பு."

நடைவழியில் அந்தப் பெண்ணைக் கண்டேன். பிளாக்டவுனில் பிறந்து வளர்ந்த, கானாப் பெற்றோரின் பிள்ளை, இருபத்தைந்து வயதிருக்கும். காதில் வெள்ளித் தோடு, நான்கு சுருள். அது என்ன என்று கேட்டேன், எனக்குத் தெரியாதது போல.

"இதோ? நான் நர்சிங் முடிக்கேக்கை வீட்டிலை தந்தவை" என்ற மாதிரி ஆங்கிலத்தில் அவசரமாகச் சொன்னாள். "ஆட்டுக்கடாக் கொம்பு. பலமும் பணிவும். முட்டுற தலையாலையே குனியத் தெரிய வேணும், அவ்வளவுதான்." அவளுடைய பேஜர் அடித்தது, போய்விட்டாள்.

நாளைக்குச் சொல்லுறன் என்ற பாதி, கையில் மருந்துத் தட்டோடு ஓடுகிற ஒரு பெண்ணிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது. அன்ரி எனக்கு அதைச் சொல்லாமல் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், என் கண்ணுக்கு முன்னாலேயே, எங்கள் வாசலில் செய்து காட்டிவிட்டுத்தான் போனார். ஒன்பது வயதில் முட்டியதோடு என் பலம் முடிந்துவிட்டது. குனிய எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

உள்ளே போய் அம்மாவின் கட்டிலடியில் முழங்காலில் இருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். வேலிப் பலகை, உருளைக்கிழங்கு, என் ரிபன், வெள்ளைத் துணி எதற்கு, சிவப்புத் துணி எதற்கு. "அது ஆரும் எனக்கு வைக்கேல்லை அம்மா. நான்தான் வைச்சனான். மாமா எனக்காகச் சாகேல்லை" என்று சொல்லும்போது அழுதுவிட்டேன். அறுபது வயதுப் பொம்பிளை அப்படி அழுததை நீங்கள் பார்த்திருக்கக் கூடாது.

அம்மா யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"அண்டைக்கு அவ எவ்வளவு நேரம் நிண்டவ?"

அவள் என்று சொல்லவில்லை. எங்கள் ஊர் வழக்கில் மரியாதையாக, அவ என்றார்.

"கனநேரம் அம்மா. வெயில் ஏறுமட்டும்."

"தலை குனிஞ்சோ?"

"ஓம்."

"பிறகு படியிலை இருந்தவவோ?"

"ஓம் அம்மா."

அம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விட்டார். "அண்ணையின்ர செத்த வீட்டுக்கெண்டு வந்தது அவ ஒராள்தான்" என்றார்.

அந்த நேரம் அந்தப் பெண் மாத்திரையும் தண்ணீரும் கொண்டு கதவடிக்கு வந்தாள். உள்ளே வரத் தயங்கினாள். அம்மா அவள் காதைப் பார்த்தார். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரே கதிரையைக் கையால் தட்டினார்.

"சிட்" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் நாலு அறை இருக்கு என்றாள். ஆனாலும் வந்து இருந்தாள். அம்மா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். ஐம்பது வருடத்துக்கு முந்திய அழுகை, ஊரில் அழும் மாதிரியே, இழுத்து, பெயர் சொல்லி, முறை சொல்லி. நடுநடுவே மாமாவைப் பற்றிச் சொன்னார். கிணற்றடியில் தன்னைக் குளிப்பாட்டியதை, தனக்குப் பின்னல் பின்னப் பழகியதை. எல்லாம் தமிழில்தான். அந்தப் பெண் ஒரு சொல்லும் விளங்காமல், தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மொழிபெயர்க்கவில்லை.

நான் எழும்பிக் கதவடியில் போய் நின்றேன், அந்த வயதில் நின்றது போலவே. அன்று முழுவதும் அம்மா என்னைக் கிட்ட வந்து இருக்கச் சொல்லவில்லை.